சிறுவயதுக் கார்ட்டூன்களில் எது உண்மையான கதை?

வண்டிகளாக உருமாறும் ரோபோக்களைப் பற்றிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில், கட்டுமான வண்டிகளாக மாறும் கன்ஸ்ட்ரக்டிகான்கள் பூமியிலேயே வில்லன் மெகட்ரானால் செய்யப்பட்டவை என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். அவை ரோபோக்களின் தாயகமான சைபர்ட்ரான் கிரகத்தில் முன்பே வாழ்ந்தவை, ஒமேகா சுப்ரீம் என்ற ராட்சத ரோபோவின் பழைய நண்பர்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருவரும் பார்த்தது 1980களின் ஒரே கார்ட்டூன். இதில் யார் சரி, புதிய தொடர்கள் பழைய கதையை மாற்றும்போது வரும் கோபத்துக்கு நியாயம் உண்டா அல்லது அது வெறும் மலரும் நினைவுகளின் வேலையா, ஏழு வயது மகளுக்கு எதை முதலில் காட்டுவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு பொம்மைக்காக எழுதப்பட்ட கதைக்கு அதிகாரபூர்வமான ஒரே வடிவம், ரசிகர்கள் கேனன் என்று சொல்வது, உண்டா? உண்டென்றால் அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது?

பழைய பொம்மைகளைச் சீர்செய்வதும், அவற்றோடு வந்த அட்டைப்பெட்டி, கையேடு, காமிக்ஸ், கார்ட்டூன் ஆகியவற்றை ஒப்பிட்டு வகைப்படுத்துவதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: நீங்கள் இருவரும் சரி. 1984 டிசம்பரில் ஒளிபரப்பான முதல் சீசனின் கடைசி எபிசோடில், கன்ஸ்ட்ரக்டிகான்களைக் குகைகளில் உருவாக்கச் செலவிட்ட நேரம் வீண்போகவில்லை என்ற பொருளில் மெகட்ரான் பேசுகிறான். உங்கள் அண்ணனின் நினைவு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அடுத்த சீசனில் ஒமேகா சுப்ரீமின் முன்கதையைச் சொல்லும் எபிசோடில், அதே கன்ஸ்ட்ரக்டிகான்கள் சைபர்ட்ரானில் கட்டடக் கலைஞர்களாக வாழ்ந்து, ஒமேகாவின் நண்பர்களாக இருந்து, மெகட்ரானின் ஓர் இயந்திரத்தால் மனம் மாற்றப்பட்டவர்கள். நீங்கள் சொல்வது இது. ஆனால் இதோடு முடியவில்லை. 1986இல் மூன்றாம் சீசனைத் தொடங்கிவைத்த ஐந்து பகுதிக் கதையில், மெகட்ரானையே கட்டியவர்கள் கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்று காட்டிவிட்டார்கள். மகன் தந்தையைப் பெற்ற கதையாக, மெகட்ரான் இவர்களைச் செய்தான், இவர்கள் மெகட்ரானைச் செய்தார்கள் என்ற வட்டம் ஒரே தொடருக்குள்ளேயே இருக்கிறது. இதே காலத்தில் வெளிவந்த மார்வெல் காமிக்ஸில் நான்காவது கதை ஒன்றும் உண்டு: அங்கே ஷாக்வேவ் என்ற இன்னொரு வில்லன், சிறைப்பட்ட நாயகத் தலைவன் ஆப்டிமஸ் பிரைமின் தலையில் இருக்கும் படைப்பாற்றலைப் பயன்படுத்தி, பூமியில் செய்த உடல்களுக்கு உயிர் கொடுக்கிறான். முதல் கதையில் மெகட்ரான் 'உருவாக்கியது' என்று சொன்னது பூமி வண்டிகளின் வடிவத்துக்கு உடலை மாற்றியமைத்ததைத்தான் என்று ரசிகர்கள் நெடுங்காலமாக ஒரு சமாதானம் சொல்லி வருகிறார்கள். கெட்டிக்காரத்தனமான சமாதானம்தான், ஆனால் அது ரசிகர்கள் கண்டுபிடித்த விளக்கமே தவிர, அந்த எபிசோடில் இருப்பதன்று.

இத்தனை குழப்பம் எழுத்தாளர்களின் அலட்சியத்தால் வந்தது என்று நினைப்பவர்கள், பொம்மை முன்னே வந்தது, கதை பின்னே வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அந்தப் பொம்மைகள் ஜப்பானில் டக்காரா நிறுவனத்தின் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற இரு வேறு வரிசைகளில் விற்பனையில் இருந்தன. டயாக்ளோன் வரிசையில் அவை உயிருள்ள ரோபோக்கள் அல்ல. சிறிய மனித ஓட்டுநர்கள் உள்ளே உட்கார்ந்து இயக்கும் இயந்திரங்கள். 1983இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரு வரிசைகளையும் ஒன்றாக்கி விற்க முடிவு செய்து, கதைக்காக மார்வெலை அணுகியது. ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையை எழுதினார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை டென்னிஸ் ஓ'நீல் கொடுத்தார். மற்றப் பெரும்பாலான பெயர்களையும் குணங்களையும் பாப் புடியான்ஸ்கி எழுதினார். அந்தக் குறிப்புகளின் சுருக்கம்தான் பெட்டியின் பின்புறத்தில் அச்சானது. பக்கத்திலேயே பலம், வேகம், துணிச்சல் முதலியவற்றுக்கான மதிப்பெண்கள் சிவப்புக் கோடுகளுக்குள் மறைக்கப்பட்டிருக்கும், கூடவே வரும் சிவப்பு நிறத் தாளை மேலே வைத்தால் மட்டுமே படிக்க முடியும். பெட்டிக் குறிப்பு, காமிக்ஸ், கார்ட்டூன் ஆகிய மூன்றும் ஒரே விதையிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைத்து, வேறு வேறு கைகளில் வேறு வேறு திசையில் வளர்ந்தவை. ஒன்றை மூலம் என்றும் மற்றதைத் தழுவல் என்றும் சொல்ல அங்கே இடமே இல்லை.

இதன் தடயம் பொம்மையிலேயே தெரியும். 1984இல் வந்த கார் ரோபோக்களில் ஒன்றைக் கையில் எடுத்துக் கதவைத் திறந்து பாருங்கள்: உள்ளே ஓட்டுநர் இருக்கை இருக்கும். கார்ட்டூன் கதைப்படி அந்த இருக்கையில் உட்கார வேண்டிய ஓட்டுநர் எவரும் இல்லை. அது டயாக்ளோன் காலத்து மிச்சம். ராட்செட், அயர்ன்ஹைடு என்ற இரண்டு வேன்களின் பொம்மைகளுக்குத் தலையே கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் முகம். இப்படி ஒரு தலையில்லாத பொம்மையை வைத்துக்கொண்டு பேசும் பாத்திரம் எழுத முடியாது என்பதால் கார்ட்டூனில் அவர்களுக்குப் புதிதாகத் தலை வரைந்தார்கள். ஜெட்ஃபயர் பொம்மையின் கதை இன்னும் சிக்கலானது. அது டக்காராவின் அச்சே அன்று, மேக்ராஸ் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் விமானத்துக்காக வேறொரு ஜப்பானிய நிறுவனம் செய்த அச்சு. உரிமைச் சிக்கலால் கார்ட்டூனில் அவன் ஸ்கைஃபயர் என்ற வேறு பெயரோடும் வேறு உருவத்தோடும், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த பழைய விஞ்ஞானியாக வருகிறான். காமிக்ஸிலோ அவன் பூமியில் புதிதாகக் கட்டப்பட்டவன். ஒரே பொம்மைக்கு இரண்டு பெயர், இரண்டு முகம், இரண்டு பிறப்பு. எது உண்மை என்று கேட்டால், இரண்டுமே வணிக ஒப்பந்தங்களின் விளைவு என்பதுதான் என் பதில்.

ஏன் எல்லாம் 1980களில் குவிந்தன என்பதற்கும் காரணம் உண்டு. 1969இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்து அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் வந்தபோது, போட்டி நிறுவனம் ஒன்று புகார் செய்ய, நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று ஒளிபரப்பு ஆணையம் சொன்னது. 1984இல் அதே ஆணையம் விளம்பர நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டே ஹீ-மேன் கார்ட்டூன் வெற்றி பெற்றிருந்தது; அதன்பின் பொம்மைக்குக் கதை எழுதுவது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. வாரநாள்தோறும் ஒளிபரப்ப 65 எபிசோடுகள் தேவை. பல எழுத்தாளர்கள் ஒரே சமயத்தில் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த ஆண்டுப் பொம்மைகளை அறிமுகம் செய்வதே முதல் வேலை. இந்தச் சூழலில் தொடர்ச்சி ஓரளவாவது இருந்தது என்பதே எனக்கு வியப்பு.

ஹீ-மேன் இதற்கு இன்னும் தெளிவான சான்று, ஏனென்றால் அங்கே பலரும் மூலம் என்று நம்புவது மூலமே அன்று. மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகள் 1982இல் கடைக்கு வந்தபோது, ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சிறு காமிக்ஸ் புத்தகம் இருந்தது. அதில் ஹீ-மேன் காட்டுவாசிகளின் குலத்தை விட்டுப் புறப்பட்ட ஒரு வீரன். இளவரசர் ஆடம் என்ற ஆளே இல்லை, வாளை உயர்த்தி உருமாறுவதும் இல்லை. சக்தி வாள் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்ப்பவனுக்கே கோட்டை திறக்கும். அதற்கேற்ப ஹீ-மேன் பொம்மைக்குப் பாதி வாளும் அவனுடைய எதிரி ஸ்கெலிடார் பொம்மைக்கு மறு பாதியும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒட்டினால் முழு வாளாகும். ஆடம் வந்தது அதன் பிறகு வெளிவந்த டிசி காமிக்ஸில்; அவனை உலகறியச் செய்தது 1983இன் ஃபில்மேஷன் கார்ட்டூன். அந்தக் கார்ட்டூன் பாதி வாள் கதையைக் கைவிட்டு முழு வாளை ஹீ-மேனிடமே கொடுத்துவிட்டது. இரண்டு பொம்மைகளும் வீட்டில் இருந்த குழந்தைகள், கார்ட்டூன் சொல்லாத ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் வாள்கள் ஏன் தட்டையாகப் பாதியாக இருக்கின்றன என்று தெரியாமலே விளையாடினார்கள். முதலில் வந்ததுதான் உண்மை என்ற அளவுகோலைப் பிடித்தால் இளவரசர் ஆடமைத் தள்ள வேண்டியிருக்கும். அதற்கு எந்த ரசிகரும் சம்மதிக்க மாட்டார்.

நின்ஜா ஆமைகளின் நிலையும் அதுவே. கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் இருவரும் 1984இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளை காமிக்ஸில், வண்ண அட்டைகளில் நான்கு ஆமைகளுக்கும் கண்பட்டி சிவப்புதான். எதிரி ஷ்ரெடர் முதல் இதழிலேயே இறந்துவிடுகிறான். நான்கு நிறக் கண்பட்டிகள் 1987 கார்ட்டூனும் அதைத் தொடர்ந்த பொம்மைகளும் தந்தவை. காமிக்ஸில் ஆமைகளின் குருவான ஸ்ப்லின்டர், யோஷி என்பவர் வளர்த்த எலி. கார்ட்டூனில் யோஷியே எலியாக மாறுகிறார். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: ஆமைகளுக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்கள் முதலில் எழுதிய புத்தகமும் இருக்கிறது. ஆகவே மூலம் எது என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு அது இல்லை. எல்லா ஃப்ரான்சைஸ்களையும் ஒரே தட்டில் வைத்து வாதிடுவதால்தான் இந்த விவாதங்கள் பாதி வீணாகின்றன.

நாடு மாறினால் கேனனும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் 1987 நவம்பரில் மூன்று எபிசோடுகள் கொண்ட ஒரு கதையோடு முடிந்தது. ஜப்பானில் அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, ஹெட்மாஸ்டர்ஸ் என்ற முழுத் தொடரை அதே ஆண்டு எடுத்தார்கள். அமெரிக்கக் கதையில் ரோபோக்களின் தலையாக மாறுபவர்கள் வேற்றுக்கிரக மனிதர்கள். ஜப்பானியக் கதையில் சிறிய ரோபோக்களே தலையாக மாறுகின்றன. அங்கே ஆப்டிமஸ் பிரைம் மறுபடியும் இறக்கிறான். இரண்டும் உரிமையாளர்களின் அனுமதியோடு வந்தவையே. எந்தப் பதிப்பைப் பார்த்து வளர்ந்தீர்கள் என்பதைக் கேட்காமல் எந்த ரசிகரோடும் மூன்றாம் சீசனுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி விவாதிக்க முடியாது.

இனி நினைவைப் பற்றி. உளவியல் என் துறை அன்று; ஆனாலும் என் மேசைக்கு வரும் சண்டைகளில் பெரும்பகுதி கதையைப் பற்றியதே அன்று, நினைவைப் பற்றியது. ஹீ-மேன் பொம்மை தன்னிடம் 1981இலேயே இருந்தது என்று உறுதியாகச் சொல்வோர் உண்டு. சான்றாகப் பொம்மையின் முதுகைத் திருப்பிக் காட்டுவார்கள், அங்கே 1981 என்று பொறித்திருக்கும். அது உரிமைப் பதிவு ஆண்டு, விற்பனை ஆண்டு அன்று. அதேபோல ஸ்டார் வார்ஸ் பொம்மைகளின் காலில் உள்ள 1977ஐப் பார்த்து அதே ஆண்டு வாங்கியது என்பார்கள். அந்த எண் பின்னாள்களில் விற்ற பொம்மைகளிலும் அப்படியே தொடர்ந்தது. இவர்கள் பொய் சொல்லவில்லை; முதுகில் பார்த்த எண் பிற்பாடு நினைவுக்குள் புகுந்துவிட்டது. ஷிகாகோ பல்கலைக்கழகத்தின் தீபாஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பலர் பழக்கமான சின்னங்களை ஒரே மாதிரியாகத் தவறாக நினைவில் வைத்திருப்பதைக் காட்டியது. அதில் பிகாச்சுவும் உண்டு. பிகாச்சுவின் வால் நுனி கறுப்பு என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில் கறுப்பு இருப்பது காதுகளின் நுனியில்தான். அந்தக் கார்ட்டூனை நன்கு அறிந்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள் என்பதே விஷயம்.

உங்கள் விஷயத்தில் இந்த ஐயம் தேவையில்லை, ஏனென்றால் நீங்கள் இருவரும் சொன்னவை எபிசோடுகளில் அப்படியே இருக்கின்றன. ஆனால் பொதுவாக, சிறுவயதில் ஒரு கார்ட்டூனைப் பற்றி நாம் சேர்த்து வைத்திருப்பது கார்ட்டூன் மட்டுமன்று. பெட்டியின் மேல் படம், காமிக்ஸின் ஓரிரு பக்கங்கள், விளம்பரம், தரையில் உட்கார்ந்து நாமே போட்ட சண்டைகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். நாற்பது வயதில் அந்தத் தொடரைத் திரும்பப் பார்த்து 'இவ்வளவு மெதுவாகவா நகரும், இந்தச் சண்டைக்காட்சி இவ்வளவு சின்னதா' என்று ஏமாறுகிறவர்கள், நினைவில் இருந்த பெரிய சண்டையைத் தாங்களே நடத்தியிருந்தார்கள் என்பதை எண்ணுவதில்லை.

அடுத்தது அதிகாரம். 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம், அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்கள், காமிக்ஸ் பெரும்பாலானவற்றை லெஜெண்ட்ஸ் என்ற தனிப் பெயருக்குள் ஒதுக்கியது. இதை அழிப்பு என்று ரசிகர்கள் குமுறினார்கள். நடந்தது என்ன? பழைய புத்தகங்கள் தொடர்ந்து விற்பனையில் இருந்தன. இனி எழுதப்போகிறவர்கள் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது மட்டுமே மாறியது. உரிமையாளரின் கேனன் அறிவிப்பு, என் பார்வையில், எழுத்தாளர்களுக்கான வேலை விதி. அடுத்த கதை எதனோடு முரண்படக்கூடாது என்பதை அது சொல்லும். நீங்கள் பார்த்தது நடக்கவில்லை என்று சொல்லும் வல்லமை அதற்கு இல்லை. ஹாஸ்ப்ரோ இதில் வேறு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு தொடரும் ஒரு தனிப் பிரபஞ்சம் என்று விட்டுவிட்டு, பிடித்த கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி. 1986 கார்ட்டூனில் டிரான்ஸ்ஃபார்மர்களைச் செய்தவர்கள் குவின்டெசான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள். காமிக்ஸில் சைமன் ஃபர்மன் எழுதிய கதையில் அவர்களைப் படைத்தவர் பிரைமஸ் என்ற கடவுள். பின்வந்த தொடர்களில் பெரும்பாலும் பிரைமஸ் வென்றார். 2024இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் படத்திலோ படைத்தவர் பிரைமஸ், அடக்கியாள வருபவர்கள் குவின்டெசான்கள் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். காமிக்ஸ் எழுத்தாளர் ஒருவரின் யோசனை, கோடிக்கணக்கானோர் பார்த்த கார்ட்டூனை ஓரங்கட்டியிருக்கிறது என்பது, பரவலாகப் பார்த்ததே உண்மை என்ற வாதத்துக்கும் பதிலாகிறது.

சில சமயம் ரசிகர்களே கேனனை எழுதியதும் உண்டு. 2010இல் தொடங்கிய மை லிட்டில் போனி தொடரின் முதல் எபிசோடில், கூட்டத்தில் நின்ற ஒரு சாம்பல் நிறக் குதிரைக்குக் கண்கள் மாறுகண்ணாக வரையப்பட்டுவிட்டன. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு டெர்ப்பி என்று பெயர் வைத்தார்கள். 2012 ஜனவரியில் அந்தப் பெயரே தொடரில் ஒலித்தது. அந்தப் பெயரும் பேச்சும் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்கின்றன என்ற எதிர்ப்பு எழ, பிற்பாடு வந்த பதிப்பில் பெயரை நீக்கிக் குரலையும் மாற்றினார்கள். இப்போது எந்தப் பதிப்பு கேனன்? முதலில் ஒளிபரப்பானதா, திருத்தப்பட்டதா? எனக்கு இதில் உறுதியான கருத்து இல்லை. இரண்டு பதிப்புகளும் இருக்கின்றன என்று பட்டியலில் எழுதி வைப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

கோபத்துக்கு வருகிறேன். கோபத்துக்கெல்லாம் நியாயமில்லை என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 1986 ஆகஸ்டில் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றார்கள். கதைக்குத் தேவைப்பட்டதால் மட்டுமன்று. பழைய பொம்மைகள் கடையிலிருந்து விலகி, புதியவை வரவேண்டியிருந்தன. குழந்தைகள் திரையரங்கில் அழுதார்கள். அடுத்த ஆண்டே பிரைமை உயிர்ப்பித்துக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பின் விளைவாக, 1987இன் ஜி.ஐ. ஜோ படத்தில் சாகவேண்டிய டியூக் என்ற பாத்திரம், வரைந்த காட்சி அப்படியே இருக்க, கூடுதல் வசனம் ஒன்றின் மூலம் கோமாவில் இருப்பதாக மாற்றப்பட்டான். ஆக, அந்தக் கோபம் ஒரு நிறுவனத்தைச் சிந்திக்க வைத்தது. அது ஆறு வயதுக் குழந்தைகளின் கோபம், அதில் மலரும் நினைவு எதுவும் இல்லை.

பெரியவர்களின் கோபம் வேறு வகை. 1996இல் பீஸ்ட் வார்ஸ் என்ற புதிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடர் வந்தபோது தலைவன் லாரியாக இல்லாமல் கொரில்லாவாக மாறியதைக் கண்டு, 'லாரிதான், குரங்கு இல்லை' என்ற முழக்கம் இணைய ரசிகர்களிடையே பரவி, பிறகு அவர்களே தங்களைக் கேலி செய்யும் சொல்லாகவும் ஆகிவிட்டது. அந்தத் தொடரின் கதைப் பொறுப்பாளர்களான பாப் ஃபார்வர்டும் லாரி டிட்டிலியோவும் பழைய கதையை அறியாதவர்களாகத் தொடங்கி, ரசிகர்களிடம் கேட்டுக் கற்றார்கள். இரண்டாம் சீசனின் முடிவில், உறங்கிக் கிடக்கும் பழைய ஆப்டிமஸ் பிரைமின் முகத்தைப் புதிய மெகட்ரான் சுடும் காட்சியில் கதையை 1984உடன் நேராக முடிச்சுப் போட்டார்கள். இன்று பீஸ்ட் வார்ஸைத் திட்டும் பழைய ரசிகரைக் காண்பது அரிது. 2007 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் பம்பிள்பீ என்ற ரோபோ வோக்ஸ்வாகன் காராக இல்லாமல் கமாரோ காராக வந்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. 2018 படத்தில் வோக்ஸ்வாகன் திரும்பியது. உங்கள் கோபம் எந்த வகை என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன்: புதிய தொடரைப் பற்றிய உங்கள் குறையை, பழைய தொடரின் பெயரை எடுக்காமல் சொல்லிப் பாருங்கள். 'பாத்திரத்தின் முடிவுக்குக் காரணமே காட்டவில்லை' என்றால் அது விமர்சனம். யார் வேண்டுமானாலும் ஏற்கவோ மறுக்கவோ முடியும். 'முன்பு இப்படி இல்லை' என்பது மட்டும் எஞ்சினால் அது உங்கள் பற்று. பற்றில் தவறில்லை, ஆனால் அதை வாதமாக வைத்தால் எதிராளிக்குப் பதில் சொல்ல வழியில்லை.

எனக்கு உறுதியானவையும் ஐயமானவையும் எவை என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எந்த எபிசோடில் என்ன வசனம், எந்தப் பொம்மை எந்த அச்சிலிருந்து வந்தது, எது எந்த ஆண்டு வெளியானது என்பவை சரிபார்க்கக் கூடியவை. அவற்றில் பேரம் இல்லை. யார் என்ன நினைத்து எழுதினார் என்பது அப்படியன்று. பின்னாளில் தந்த பேட்டிகளை வைத்தே அதை அறிகிறோம். அந்தப் பேட்டிகளும் நினைவுகளே. ஹீ-மேனை உருவாக்கியது ரோஜர் ஸ்வீட்டா, மார்க் டெய்லரா என்பதில் மேட்டலில் அவர்களோடு வேலை செய்தவர்களிடையேகூட ஒருமித்த பதில் இல்லை. அத்தகைய இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுபவரை, அவர் எத்தனை பெரிய சேகரிப்பாளராக இருந்தாலும், நான் எச்சரிக்கையோடுதான் கேட்பேன். எந்தப் பதிப்பு சிறந்தது என்பதோ என் துறையின் எல்லைக்கே வெளியே உள்ளது. எனக்கு காமிக்ஸின் பிரைமஸ் கதை பிடிக்கும். அதற்குச் சான்றிதழ் ஏதும் காட்ட முடியாது.

மகளுக்கு எதைக் காட்டுவது என்பதற்கு வருவோம். 1984இன் தொடக்க மூன்று எபிசோடுகள் ஒரே கதையாக ஓடுவதால் அவற்றோடு தொடங்கலாம். பிடிக்காவிட்டால் வற்புறுத்தாமல் 2018இன் பம்பிள்பீ படத்தை முயன்று பாருங்கள். அதன் தொடக்கத்தில் சைபர்ட்ரான் காட்சிகளில் பழைய உருவங்களே வருகின்றன, மனிதர்களுக்கும் ரோபோவுக்குமான நட்பும் அவளுடைய வயதுக்குப் புரியும்; சண்டைக்காட்சிகள் சற்றுக் கடுமையானவை என்பதால் கூடவே உட்காருங்கள். 1986 திரைப்படத்தைச் சில ஆண்டுகள் தள்ளி வையுங்கள். முதல் அரை மணிக்குள்ளேயே அவள் பழகிய பல பாத்திரங்கள் இறந்துவிடும். கன்ஸ்ட்ரக்டிகான்களின் பிறப்பைப் பற்றி அவள் கேட்டால் நான்கு கதைகளையும் சொல்லுங்கள். எது பிடிக்கிறதோ அதை அவளே எடுத்துக்கொள்வாள், ஒருவேளை ஐந்தாவதாக ஒன்றையும் செய்வாள். கன்ஸ்ட்ரக்டிகான்களின் ஆறு வண்டிகள் சேர்ந்து டெவஸ்டேட்டர் என்ற ஒரே பெரிய ரோபோவாகும் பொம்மையை வாங்கித் தருவதானால், 1985இன் பழைய பதிப்பைத் தேடாதீர்கள். அதன் கைகளும் மார்புத் தகடும் இணைப்புகளும் தனித்தனித் துண்டுகள், விளையாடும் வீட்டில் ஒரு மாதம் தங்காது, பழைய பிளாஸ்டிக் இணைப்புகளும் எளிதில் உடையும். பின்னாளில் வந்த பதிப்புகளில், கழற்றி வைக்க வேண்டிய துண்டுகள் குறைவாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியைப் பிரித்தவுடன் எல்லாவற்றையும் ஒருமுறை நீங்களே இணைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுங்கள், ஏனென்றால் புதிதாக இருக்கும்போது இணைப்புகள் இறுக்கமாக இருக்கும், அவசரத்தில் திருகித்தான் பெரும்பாலும் உடைகின்றன.